புதைத்து வைத்தவன் பக்கம்

குழு: வெள்ளி வேதபாடம் – மேலத்தெரு

எஸ்தர் டீச்சர்: ஸ்தோத்திரம். நேத்து கரண்ட் போயி பாதியில எந்திரிச்சிட்டோம். மத்தேயு 25:14-30ல ஆண்டவர் சொன்ன தாலந்து உவமையைப் பத்தி கிரேஸ் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை. இங்கயே பேசிருவோமா?

ஜெபராஜ் அண்ணாச்சி: இதுல பேச என்ன கிடக்கு டீச்சர். எஜமான் மூணு ஊழியக்காரன்கிட்ட அஞ்சு, ரெண்டு, ஒண்ணுன்னு தாலந்துப் பணத்தைக் கொடுத்துட்டு ஊருக்குப் போறாரு. ரெண்டு பேரு ரெட்டிப்பாக்கினான், மூணாவது ஆளு மண்ணுல புதைச்சு வச்சான். அவனைச் சோம்பேறின்னு வெளிய தள்ளினாரு. எஜமான் ஆண்டவர், ஊழியக்காரன் நாம. தந்த தாலந்தைப் பெருக்கணும். சின்னப் பிள்ளைல இருந்து கேக்கோம்.

கிரேஸ்: அண்ணாச்சி, 24ஆம் வசனத்தைப் பாருங்க. "விதைக்காத இடத்தில் அறுக்கிறவர்"னு மூணாவது ஆளு எஜமான் மூஞ்சிக்கு நேராச் சொல்லுதான். அவரு இல்லன்னு சொல்லலியே! 26ல அதையேதான் திருப்பிச் சொல்லுதாரு. ஆண்டவர் விதைக்காத இடத்துல அறுப்பாரா?

பிரவீன்: சித்தி 🔥 இதை 1990கள்லயே வேத அறிஞர்கள் கேட்டிருக்காங்க. ரிச்சர்ட் ரோர்பா, வில்லியம் ஹெர்சாக். அவங்க வாசிப்புல எஜமான் ஏழைக் குடியானவனை உறிஞ்சுற பண்ணையார். "உன் ஆட்டத்துக்கு நான் வரலை"ன்னு ஒதுங்கினவன்தான் மூணாவது ஆளு.

ஜெபராஜ் அண்ணாச்சி: அமெரிக்காக்காரன் சொன்னா வேதம் மாறிருமால?

பிரவீன்: மாறாது பெரியப்பா. ஆனா நீங்க பேங்க்ல இருந்தவங்க, கணக்கைப் பாருங்க. ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. அப்போ ஒரு தாலந்தே 20 வருஷக் கூலி. அஞ்சு தாலந்து பத்தாகணும்னா அது யார் வயல்ல இருந்து வரும்?

கிரேஸ்: கடனை அடைக்க மாட்டாதவன் வயல்ல இருந்துதான். செவ்வாக்கிழமை காலைல எங்க மகளிர் கடன் குழுவுக்கு வந்து பாருங்க. வசூல் தம்பி பாயில நோட்டை விரிச்சு உக்காந்திருப்பான். ஒருத்தி தவணை கட்டலைன்னா மத்தவளுக யாரும் எந்திரிக்க முடியாது. அவ கம்மலைக் கழட்டுற வரைக்கும் உக்காந்தே இருக்கணும். 2017ல நம்ம திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல கடன் தொல்லை தாங்காம அந்தக் குடும்பம் தீக்குளிச்சது மறந்துட்டா?

ஜெபராஜ் அண்ணாச்சி: அது கந்துவட்டிம்மா. 2003லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. பேங்க் வட்டியை அதோட சேக்காத. 27ல எஜமானே "காசுக்காரர் வசத்தில்" போட்டு வட்டியோட தந்திருக்கலாமேங்காரு.

எஸ்தர் டீச்சர்: அங்கதான் எனக்கும் இடிக்குது அண்ணாச்சி. யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36 ரெண்டும் ஏழைகிட்ட வட்டி வாங்காதேங்குது. சங்கீதம் 15ல "தன் பணத்தை வட்டிக்குக் கொடாமலும்" இருக்கிறவன்தான் கர்த்தருடைய கூடாரத்துல தங்குவான். சண்டே ஸ்கூல் பிள்ளைக மனப்பாடமா ஒப்பிச்ச சங்கீதம்.

தங்கம் பெரியம்மா: 🎤 0:38

பிரவீன்: வாய்ஸ் கேக்க முடியாதவங்களுக்கு: "எங்க ஆத்தா சங்கிலியை அடுப்படி மண்ணுலதான் புதைச்சு வச்சா. அவளையும் சோம்பேறின்னு சொல்லுவியளா?" 😂

பிரவீன்: பெரியம்மா சொல்லுறது சரிதான். பணத்துக்கு மண்ணைத் தவிர வேற காவல் இல்லைன்னு யூதர்களோட தல்மூது நூல்ல சாமுவேல்ங்கிற ரபி சொல்லுதாரு.

ஜெபராஜ் அண்ணாச்சி: அப்போ நம்ம சபைல காசைக் கொடுத்துப் பெருக்கிட்டு வரச் சொல்லுற தாலந்து விற்பனையை நிப்பாட்டிருவோமா? போன தடவை நூறு ரூவா வாங்கி முறுக்கு சுட்டு 1400 கொண்டாந்தது யாரும்மா கிரேஸ்?

கிரேஸ்: நாந்தான். மாவு என் வீட்டு மாவு, எண்ணெய் என் வீட்டு எண்ணெய். விதைக்காத இடத்துல அறுத்தது யாரு அண்ணாச்சி 😄

எஸ்தர் டீச்சர்: 😂😂 உபதேசியார் பாத்துக்கிட்டே இருக்காவ, ஒண்ணும் சொல்லக் காணோம்.

உபதேசியார்: ஸ்தோத்திரம். லூக்கா 19ஐயும் சேத்து வாசிங்க. அதே மாதிரி கதைதான், ஆனா அங்க பணம் தாலந்து இல்லை, ராத்தல். ராஜ்யம் வாங்கத் தூரதேசம் போற ஒரு பிரபு. ஊரார் "இவன் எங்கள்மேல் ராஜாவாயிருக்கிறது எங்களுக்கு மனதில்லை"ன்னு பின்னாலயே ஆள் அனுப்புதாங்க. ஏரோது ராஜா செத்ததும் கி.மு. 4ல அவன் மகன் அர்கெலாயு ராஜ்யம் கேட்டு ரோமுக்குப் போனான். இவன் வேண்டாம்னு சொல்ல 50 யூதர்கள் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்துகிட்ட போனதா அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்காரு. எரிகோ அரண்மனையைப் புதுப்பிச்சுக் கட்டினவனும் அர்கெலாயுதான். ஆண்டவர் இந்தக் கதையைச் சொன்னது எரிகோவுல சகேயுவைப் பாத்த கையோட. கேட்டவங்க மனசுல அந்தப் பிரபு யாரா வந்திருப்பான்?

கிரேஸ்: அப்படிப் போடுங்க!

உபதேசியார்: பொறும்மா. மத்தேயு இதைப் பத்துக் கன்னிகை கதைக்கும் செம்மறியாடு வெள்ளாடு கதைக்கும் நடுவுல வச்சிருக்காரு. ரெண்டும் ஆண்டவர் வருகையைப் பத்தினது. 21ல "உன் எஜமானுடைய சந்தோஷத்துக்குள் பிரவேசி"ன்னு வருது. வட்டிக்காரன் வாயில அது எப்படி ஒட்டும்? புது வியாக்கியானம் இதைத் தாண்டித்தான் போகணும்.

பிரவீன்: அதுவும் சரிதான். ஆனா பழைய ஆளுகளுக்கும் இடிச்சிருக்கு. நம்ம வேதாகமத்துல சேராத எபிரெய சுவிசேஷம் ஒண்ணுல இந்தக் கதை வேற மாதிரி இருந்ததா நாலாம் நூற்றாண்டுல சபை வரலாறு எழுதின யூசேபியஸ் சொல்லுதாரு. பெருக்கினவன், புதைச்சவன், வேசிகளோட அழிச்சவன். கடுந்தண்டனை அழிச்சவனுக்குத்தான், புதைச்சவனுக்கு இல்லையோன்னு அவரே யோசிக்காரு.

ஜெபராஜ் அண்ணாச்சி: சரி. வெள்ளிக்கிழமை நான் எஜமான் பக்கம் பேசுதேன். 21ஆம் வசனத்துக்குப் பதிலோட வாங்க.

கிரேஸ்: நீங்க மத்தேயு 18ஐப் பாத்துட்டு வாங்க. பதினாயிரம் தாலந்து கடனை மன்னிச்ச ராஜா அங்க இருக்காரு. அவரும் இவரும் ஒரே ஆளா?

ஜெபராஜ் அண்ணாச்சி: 34 வரைக்கும் படிம்மா. கடைசில அவரும் அந்தக் கடன்காரனை "உபாதிக்கிறவர்களிடத்தில்"தான் ஒப்புக்கொடுத்தாரு.

எஸ்தர் டீச்சர்: அப்போ 18, 25, லூக்கா 19. எல்லாரும் வேதாகமத்தைக் கொண்டு வாங்க, போன்ல பாக்க வேண்டாம்.