கண்ணுக்குள் படம் தலைகீழ் என்றால், அதைப் பார்ப்பது யார்?

சிம்மக்கல் ஸ்டுடியோ:
அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் டார்க் ரூமாக இருந்த அறையில் இப்போது பிரேம்களைப் போட்டு வைத்திருக்கிறோம். போன வாரம் மதியம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னலை அடைத்த தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. எதிர்ச் சுவரில் எங்கள் தெரு தெரிந்தது, கலரில், தலைகீழாக! பூ கட்டும் அக்கா மேலிருந்து தொங்குகிறார். யானைக்கல் போகிற ஷேர் ஆட்டோ எதிர்த்திசையில் ஓடுகிறது. கண்ணுக்குள்ளும் இதேதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சரி, சுவரைப் பார்க்க நான் இருந்தேன். கண்ணுக்குள் விழும் படத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

பிசிக்ஸ் வாத்தியார், திருமங்கலம்:
இந்தக் கேள்வியைக் கிளப்பியதே உங்களுடையது மாதிரி ஓர் இருட்டறைதான் தம்பி. விழித்திரையில் படம் தலைகீழாக விழுகிறது என்று 1604-ல் வானியலாளர் கெப்ளர் எழுதினார். அப்புறம் நடப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1637-ல், செத்த மாட்டின் கண்ணை எடுத்துப் பின்பக்கத் தோலைச் சீவி, அங்கே மெல்லிய முட்டையோட்டை வைத்துப் பார்க்கச் சொன்னார். படம் விழும். ஆனால் அதைப் பார்க்க மூளைக்குள் இன்னொரு ஜோடிக் கண் இருப்பதாக நினைக்காதே என்றும் சொன்னார். உங்கள் கேள்விக்கு அவர் பதில் அதுதான். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்குக்கோ மனித அறிவே சின்ன ஓட்டை வைத்த இருட்டறை. நம் பிள்ளைகள் 'மெமரி ஃபுல் சார்' என்கிறார்கள். கையில் எந்தக் கருவி இருக்கிறதோ, மண்டையும் அதுவாகிவிடுகிறது.

செல்லூர் பெரியம்மா:
ஏப்பா, நீங்கள் சொல்வதெல்லாம் வாங்கிக்கொள்ளும் கண். நம்மூர்க் கண் அனுப்பும். மீன் பார்த்தே முட்டையைப் பொரிக்குமாம், மீனாட்சியும் அப்படிப் பார்த்தே காக்கிறாள் என்பார்கள். மீன் அப்படிப் பொரிக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணிலிருந்து கதிர் கிளம்புவதாக கிரேக்கக் கணித மேதை யூக்ளிடும் எழுதினார், நம் தர்க்க சாஸ்திரமான நியாய தரிசனக்காரர்களும் சொன்னார்கள். ஸ்டுடியோ வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறதா, இல்லையா?

சிம்மக்கல் ஸ்டுடியோ:
தொங்குகிறது பெரியம்மா. அமாவாசைக்கு அமாவாசை மாற்றுவது அப்பாதான். கேமரா பொய் சொல்லாது என்று கஸ்டமரிடம் சொல்லிவிட்டு, உள்ளே வந்து நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை மறைப்பவர் அவர்.

நேற்று மதியம் அவரை டார்க் ரூமுக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். தெருவைப் பார்க்கவே இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய்த் தகரத்தைத் தடவினார். "இதுல கறுப்பு டேப் ஒட்டியிருந்தேனே, எப்ப விழுந்துச்சு? வெளிச்சம் பட்டா பேப்பர் பூரா போயிரும்டா."