ஜூரிக்கு 'நடுவர் குழு' பொருந்துமா? 'சூளர்' என்றொரு முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் சட்ட வரலாறு பற்றிய ஒரு பாடநூலின் மொழிபெயர்ப்பு செம்மையாக்கத்துக்கு வந்திருக்கிறது. ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழு) வரும் இடமெல்லாம் 'நடுவர் குழு' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியம் இப்படிப் போகிறது: "கைதானவரை நடுவர் முன் நிறுத்தினார்கள், நடுவர் வழக்கை நடுவர் குழுவுக்கு அனுப்பினார், நடுவர் குழுவின் தீர்ப்பைக் கேட்டபின் நீதிபதி தீர்ப்பளித்தார்." தமிழ்நாட்டில் மாஜிஸ்திரேட்டின் அலுவல்பெயரே நீதித்துறை நடுவர்தான். ஆர்பிட்ரேட்டரும் நடுவர், பட்டிமன்றத் தலைவரும் நடுவர். மாணவர் யாரை எங்கே வைத்துப் புரிந்துகொள்வார்? 'அறங்கூறாயம்' போடலாமா என்று பார்த்தேன். டிரிப்யூனலுக்குத் 'தீர்ப்பாயம்' நிலைத்துவிட்ட பிறகு இன்னோர் ஆயம் குழப்பத்தைக் கூட்டும் என்று தோன்றுகிறது. யோசனை சொல்லுங்கள்.

* * *

வணக்கம் அம்மா.

ஜூரிக்கு மட்டும் சொல் தேடினால் பாதி வேலைதான் முடியும். நீங்கள் காட்டிய வாக்கியத்தில் 'தீர்ப்பு' இரண்டு முறை வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. ஜூரி சொல்வது வேறு, அதன்மேல் நீதிபதி அளிப்பது வேறு. இரண்டையும் சேர்த்தே பிரிக்க வேண்டும். அதற்கு இந்த அமைப்பு எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது உதவும்.

ஜூரி என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'ஆணையிட்டு, அதாவது சத்தியம் செய்து, சொல்லுதல்'. ஆணையிட்டவர் ஜூரர். நடுநிலை, அறம், தீர்ப்பு எதுவும் அந்த வேரில் கிடையாது. தொடக்கத்தில் அவர்கள் வழக்கை விசாரித்தவர்களும் அல்லர். ஃபிராங்கிய அரசர்கள் அரசு நிலம் எது, யாருக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தாரை ஆணையிட வைத்துக் கேட்டார்கள். நார்மானியர் அந்த வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1086-இல் நாட்டின் பெரும்பகுதியில் நடந்த டூம்ஸ்டே நிலக்கணக்கெடுப்பு அப்படித்தான் திரட்டப்பட்டது.

1166-இல் இரண்டாம் ஹென்றியின் கிளாரெண்டன் கட்டளை அதைக் குற்றவியலுக்குள் கொண்டுவந்தது. 'ஹண்ட்ரட்' என்ற வட்டாரம் ஒவ்வொன்றிலிருந்தும் 12 பேர், ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் 4 பேர் ஆணையிட்டு, தங்கள் பகுதியில் கொலை, கொள்ளை, திருட்டில் சந்தேகப்படுகிறவர் யார் என்று சொல்ல வேண்டும். அவர்கள் பெயரைச் சொன்னதோடு சரி. அவன் குற்றவாளியா இல்லையா என்பதைத் தெய்வச்சோதனை முடிவு செய்தது. நம் பக்கத்து மழுவெடுத்தல் போன்றதுதான்: பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும், கையைக் கட்டி, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் சீழ்பிடித்திருந்தால் குற்றவாளி. இரும்புச் சோதனை ஒரு வகை; கிளாரெண்டன் கட்டளை குறித்தது தண்ணீரில் இறக்கிப் பார்க்கும் சோதனையை.

1215-இல் நான்காம் லாட்டரன் திருச்சபைப் பேரவை, பாதிரியார்கள் இந்தச் சோதனைகளை மந்திரிக்கக் கூடாது என்று தடுத்தது. மந்திரிப்பு இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு, வெறும் தண்ணீர். சிறையில் ஆட்கள் காத்திருக்க, முடிவுசெய்யும் வழி அடைபட்டுப் போனது. 1219-இல் நீதிபதிகளுக்குப் போன அரசாணையிலும் தெளிவான மாற்றுவழி இல்லை. ஊரைக் கேட்கும் பழைய வழக்கம் கையில் இருந்தது, நீதிபதிகள் அதையே எடுத்துக்கொண்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் சம்மதித்தால்தான் அது செல்லும். "எப்படி விசாரிக்கப்பட விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு "கடவுளையும் ஊரையும் நம்பி" என்று பதில் வர வேண்டும். பதில் சொல்ல மறுத்தவர்களைச் சிறையில் வாட்ட 1275-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அது பிறகு உடல்மேல் பாரம் ஏற்றி நசுக்கும் கொடுமையாக மாறி, 1772 வரை சட்டத்தில் இருந்தது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் 'சான்றாயம்', 'ஊரவை' இரண்டும் தொடக்க கால ஜூரிக்குப் பொருந்தும், இன்றைய ஜூரிக்குப் பொருந்தா. அன்று வழக்கைப் பற்றித் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார்கள். இன்று தெரிந்தவர் என்றால் விலக்கிவிடுகிறார்கள். ஊரவை என்றதும் பஞ்சாயத்து நினைவுக்கு வந்துவிடும். இத்தனை நூற்றாண்டிலும் மாறாமல் நின்றது ஆணை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொள்வோம். தமிழில் அதற்குச் 'சூள்' இருக்கிறது. ஜூரர் 'சூளர்', ஜூரி 'சூளவை', ஜூரி விசாரணை 'சூளர் விசாரணை'.

ஜூரி சொல்லும் முடிவுக்கு ஆங்கிலத்தில் வெர்டிக்ட் என்று பெயர். அதன் வேர் 'மெய்யாகச் சொன்னது'. 'மெய்யுரை' என்று வைத்தால் நேராகப் பொருந்துகிறது. சங்கதியைப் பற்றிச் சூளர் சொல்வது மெய்யுரை. சட்டத்தை அதன்மேல் பொருத்தி நீதிபதி தருவது தீர்ப்பு.

குற்றச்சாட்டை விசாரணைக்கு ஏற்கலாமா என்று முதலில் பார்க்கும் கிராண்ட் ஜூரியை 'உயர் நடுவர் மன்றம்' என்று போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். அங்கே 'கிராண்ட்' தலை எண்ணிக்கையைக் குறிப்பது, பதவி உயர்வை அல்ல. இங்கிலாந்தில் 23 பேர் வரை இருந்தார்கள், 12 பேர் ஒத்துக்கொண்டால் குற்றச்சாட்டு நிலைத்தது. கிளாரெண்டனில் பெயர் சொன்ன கூட்டத்தின் வாரிசு அது. 'பெருஞ்சூளவை' போதும். விசாரணை ஜூரி வெறும் 'சூளவை'.

* * *

வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு மாற்றுக்கருத்து.

எங்களிடம் ஜூரி வரலாற்றுப் பொருள் அல்ல. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் காலத்தில், 1811 சாசனத்தோடு வந்தது. 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் உண்டு: ஏழு பேர், ஏகமனதாக இருக்க வேண்டும் அல்லது குறைந்தது ஐந்துக்கு இரண்டு. தமிழ் பேசும் ஜூரிகளுக்கென்று தனிப் பட்டியலே இருக்கிறது. எந்த மொழிப் பட்டியலில் இருந்து தெரிவது என்பதை எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) சொல்லலாம். ஜூரி, யூரி என்ற சொற்கள் வழக்கில் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் திணிக்க வேண்டுமா?

இரண்டாவது, 'சூளுரை' இன்று மேடைச்சொல். "வென்றே தீருவோம் எனச் சூளுரைத்தார்" என்றுதான் பத்திரிகை எழுதுகிறது. சூளர் என்றால் ஏற்கனவே முடிவோடு வந்து உட்கார்ந்தவர் என்ற மணம் வராதா? ஜூரரிடம் இருக்கவே கூடாத குணம் அது.

மூன்றாவது, ஜூரி பிழையாகச் சொன்னால் 'தவறான மெய்யுரை' என்று எழுத வேண்டி வரும். முரணாக ஒலிக்கிறது.

* * *

ஐயா, மூன்றும் நியாயமான கேள்விகள்.

மூன்றாவதிலிருந்து வருகிறேன். அந்த முரண் மூலத்திலேயே இருக்கிறது, அதற்குச் சட்டமும் இருந்தது. உரிமையியல் வழக்கில் 12 பேர் பொய்யாகச் சொன்னார்கள் என்று தோற்றவர் முறையிட்டால், 24 பேர் கொண்ட இன்னொரு ஜூரி அதை ஆராயும். பொய் என்று தெரிந்தால் முதல் பன்னிருவரின் உடைமை பறிமுதல், சிறை, வீடு இடிப்பு. மரங்களை வேரோடு பிடுங்கி, புல்வெளியை உழுதுவிட வேண்டும் என்பது வரை தண்டனை எழுதப்பட்டிருந்தது. வெறும் கருத்துப் பிழைக்கு இவ்வளவு கடுமை இருக்காது. ஆணையை மீறியதற்கான தண்டனை அது. ஏட்டில் 1825 வரை நீடித்தது. இதற்கு நம் அகப்பாடல்களில் சொல் தயாராக இருக்கிறது: பொய்ச்சூள். தலைவன் பொய்ச்சூள் உரைத்தால் தெய்வம் வருத்தும் என்று தோழி அஞ்சுவாளே, அதே அச்சம்தான் இங்கே சட்டமாகி இருக்கிறது. 'அட்டெயின்ட்' எனப்பட்ட இந்த நடவடிக்கையைப் 'பொய்ச்சூள் முறையீடு' என்று எழுதினால் அடிக்குறிப்பே வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பாதி விடை. மேடையில் புழங்குவது சூளுரை என்ற கூட்டுச்சொல். 'சூள்' தனியாக நிற்கும்போது தெய்வத்தின் முன் மெய் சொல்வதாக இடும் ஆணை. இருந்தாலும் மணம் ஒட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் சூளரோடு 'உரைத்தார்' என்ற வினையைச் சேர்க்கவே கூடாது. "சூளர் மெய்யுரை தந்தனர்" என்றே எழுத வேண்டும்.

மெய்யுரையைத் தீர்ப்பிலிருந்து பிரிக்காவிட்டால் என்ன கெடும் என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். 1670-இல் தெருவில் சமயப் பிரசங்கக் கூட்டம் நடத்தியதாக வழக்குக்குள்ளான வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்ல ஜூரி மறுத்தது. உணவு, நெருப்பு இல்லாமல் பூட்டிவைத்தும் மசியவில்லை. ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தார்கள். கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போன ஜூரர் பஷல் ஆட்கொணர்வு மனு போட, மெய்யுரைக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் விடுவித்தார். இங்கே எல்லாவற்றுக்கும் 'தீர்ப்பு' என்று போட்டால், தீர்ப்பைத் தந்தவர்களைத் தண்டித்த தீர்ப்பைத் தீர்ப்பு ரத்து செய்தது என்றாகிவிடும்.

இன்னொன்று கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கு. 1959-இல் பம்பாய் செஷன்ஸ் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றவாளி அல்ல என்றது. நீதிபதி அதை ஏற்காமல், அன்றைய நடைமுறைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே குற்றவாளி என்று தீர்ப்பானது, 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இங்கிலாந்தில் ஜூரி 'குற்றவாளி அல்ல' என்று சொன்ன பிறகு விசாரணை நீதிபதிக்கு அந்த வழி கிடையாது. "நீதிபதி மெய்யுரையை ஏற்காமல் மேலே அனுப்பினார்" என்று எழுதினால்தான் வேறுபாடு தெரியும்.

அந்தக் காலத்தில் நீதிபதிக்குக் கருத்துச் சொல்ல உடன் அமர்ந்த அசெஸரையும் சூளரோடு கலக்க வேண்டாம். அவர் சொல் நீதிபதியைக் கட்டாது. 'கருத்துரைஞர்' போதும்.

உங்கள் முதல் கேள்விதான் கனமானது. வழக்கில் உயிரோடு இருக்கும் சொல்லை நூல் துரத்தக் கூடாது. இலங்கை நீதிமன்றம் பற்றி எழுதும்போது ஜூரி என்றே இருக்கட்டும். இந்தியாவில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை போய்விட்டதால் இங்கே இடிக்கும் சொல்வழக்கு இல்லை. வரலாற்று நூல்களில் சூளரைப் புழங்கிப் பார்க்கலாம்.

* * *

இருவருக்கும் நன்றி. முதல் முறை வரும் இடத்தில் 'சூளர் (ஜூரி)' என்று கொடுத்து, பிறகு சூளர் என்றே கொண்டுபோகிறேன். இலங்கை பற்றிய பகுதியில் ஜூரி மாறாது. சூளர்கள் ஒத்துவராமல் கலைந்தால் 'இணங்காச் சூளவை' என்று இப்போதைக்குப் போடுகிறேன். இங்கிலாந்தில் 1967 முதல் பத்துக்கு இரண்டு என்றாலும் ஏற்பதால், 'ஒருமித்த மெய்யுரை', 'பெரும்பான்மை மெய்யுரை' என்று பிரிக்கவும் முடிகிறது.

திருத்திய வாக்கியம்: "கைதானவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினார்கள், அவர் வழக்கைச் சூளர் விசாரணைக்கு அனுப்பினார், சூளரின் மெய்யுரையைக் கேட்டபின் நீதிபதி தீர்ப்பளித்தார்."