கிறிஸ்தினா கார்சியா ரொடேரோவோட ஆரம்பகாலப் படங்கள்: நேர்ல பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

பழையகேமரா:

மாட்ரிட்ல வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு, இங்க ஒரு சின்ன கேலரில இந்த ஸ்பெயின் போட்டோகிராஃபர் அம்மா எழுபதுகள்ல எடுத்த படங்களை மட்டும் மாட்டி வச்சிருக்காங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி போன மாசம் ஒரு சனிக்கிழமை போனேன். நான் பெருசா எதையும் எதிர்பார்த்து போகல, உண்மையச் சொன்னா மழை, வீட்ல உக்கார போரடிச்சுது, அவ்ளோதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1949ல புவெர்த்தோயானோங்கற சுரங்க ஊர்ல பிறந்தவங்க, மாட்ரிட்ல படிச்சது ஓவியம். 1973ல ஹுவான் மார்ச் அறக்கட்டளைல ஒரு உதவித்தொகை கிடைக்குது, ஸ்பெயின் கிராமங்கள்ல நடக்குற திருவிழா, சடங்கு எல்லாத்தையும் படம் எடுக்கறேன்னு கிளம்பினாங்க. அப்ப வயசு 23, சர்வாதிகாரி ஃபிராங்கோ இன்னும் உயிரோட இருந்த நேரம். அந்த வேலை பதினஞ்சு வருஷம் இழுத்துச்சு! 1989லதான் "மறைந்த ஸ்பெயின்"ங்கற அர்த்தம் வர்ற பேர்ல புத்தகமா வந்துச்சு. நடுவுல வாரநாள்ல டீச்சர் வேலையும் பாத்துட்டு இருந்தாங்க. நாமெல்லாம் ஒரு ப்ராஜெக்ட் மூணு மாசம் இழுத்தாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறோம்.

சரி விஷயத்துக்கு வரேன். உள்ள நுழைஞ்சதும் புவெந்தே ஹெனில்ல 1976ல எடுத்த படம், மூணு முகமூடி உருவங்க நிக்கும். கோர்தோபா பக்கத்து ஊரு அது, புனித வாரத்துல பைபிள் பாத்திரங்களா வேஷம் கட்டி முகத்துல மாஸ்க் போட்டு ஊர்வலம் போவாங்க. அந்தப் பட தலைப்பு "ஆன்மாவின் ஆற்றல்கள்", அதாவது நினைவு, அறிவு, விருப்பம் மூணும் ஆளா வந்து நிக்குதாம். போன் ஸ்கிரீன்ல பத்து தடவையாவது பாத்திருப்பேன், ஆனா பேப்பர்ல பிரிண்ட்டா பாக்கறப்ப கருப்பு வேற மாதிரி இருக்குங்க, ஸ்கிரீன்ல வெறும் இருட்டாத் தெரிஞ்ச இடத்துல பேப்பர்ல துணி மடிப்பு தெரியுது. என்ன, லைட்டை கண்ணாடி மேல நேரா அடிச்சு வச்சிருக்காங்க, பாதி நேரம் என் மூஞ்சிதான் அந்த மாஸ்க் மேல தெரிஞ்சுது. ஒதுங்கி நின்னு பாக்கலாம்னு சுவத்துப் பக்கம் சாஞ்சா கேலரிக்காரர் முறைக்கிறாரு.

ஆனா நான் இங்க எழுத வந்த காரணம் வேற. அடுத்த ரூம்ல கஸ்த்ரியோ தெ முர்சியா 1975, பிசாசு வேஷம் போட்டவன் தெருவுல மெத்தைல படுக்க வச்ச கைக்குழந்தைங்களைத் தாண்டித் தாவுற திருவிழா, எல் கொலாச்சோன்னு பேரு. அங்க ஒரு பாட்டி, எண்பது இருக்கும், கூட பேத்தி. எல்லாரும் அந்த பிசாசைத்தான் பாத்துட்டு நிக்கறோம். பாட்டி மட்டும் கிட்டப் போய் கீழ விரலைக் காட்டி மெத்தையப் பத்தி பேசுறாங்க. அந்தக் காலத்துல வீட்டு மெத்தை எல்லாம் கம்பளி ரோமம் அடைச்சதாம், வருஷத்துக்கு ஒரு தடவை கோடைல தையலைப் பிரிச்சு, ரோமத்தை வெளிய கொட்டி, அலசி, வெயில்ல பரப்பி, குச்சியால அடி அடின்னு அடிச்சு உதிர்த்து மறுபடி அடைச்சுத் தைக்கணுமாம். அடிக்கிறப்ப குச்சி காத்துல வர்ற சத்தத்தை வாயாலயே பண்ணிக் காட்டினாங்க, ஃப்யூ ஃப்யூன்னு. பேத்தி போனை பையில வச்சுட்டு கேக்க ஆரம்பிச்சுட்டா. நானும் பக்கத்துல நின்னு ஒட்டுக்கேட்டேன், என் ஸ்பானிஷ் அரைகுறை, அதனால பாதிதான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் நான் முதல் படத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சேன். இந்த தடவை நடுவுல இருக்கறதை விட்டுட்டு ஓரத்துல யாரு நிக்கறாங்க, கால்ல என்ன செருப்பு, சுவத்துல எவ்ளோ சுண்ணாம்பு உதிர்ந்திருக்குன்னு. ரெண்டு மணி நேரம் ஓடிருச்சு. உங்க யாருக்காவது இவங்க படங்களோட அனுபவம் இருந்தா எழுதுங்க.

தக்காளிசாதம்:

அண்ணா நான் அந்த ஊருக்கே போயிருக்கேன்!! படிக்கிறது புர்கோஸ்ல, கஸ்த்ரியோ இங்கேர்ந்து கார்ல முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனா முதல்ல நான் பண்ணின கூத்தைக் கேளுங்க, பேர்ல முர்சியான்னு இருக்கா, நான் பாட்டுக்கு தென்கிழக்குல இருக்கற முர்சியா நகரத்துக்கு பஸ் டிக்கெட் தேடிட்டு இருந்தேன், ரூம்மேட் பாத்துட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா. ரெண்டு ஊருக்கும் சம்பந்தமே இல்ல, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

கார்ப்பஸ் கிறிஸ்திங்கற கத்தோலிக்கப் பண்டிகை முடிஞ்சு வர்ற ஞாயிறுதான் நடக்கும். 1620கள்லேர்ந்து நடக்குதுன்னு சொல்றாங்க. மஞ்சளும் சிவப்புமா டிரெஸ், கையில குதிரை வால் கட்டின சாட்டை, மரத்துல பெரிய தாளம் மாதிரி ஒண்ணு, டக்கு டக்குன்னு அடிச்சுட்டே வருவான், சின்னப் பசங்க கண்டபடி திட்டிட்டு பின்னாடியே ஓடுதுங்க, அவன் திரும்பினா சிதறி ஓடுதுங்க. அப்புறம் தெருவுல வரிசையா மெத்தை போட்டு அந்த ஒரு வருஷத்துல பிறந்த குழந்தைங்களைப் படுக்க வைப்பாங்க. சில குழந்தை தூங்குது, சிலது வீல்னு கத்துது, அம்மாக்காரி ஒருத்தி தாவுறதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி ஓடி வந்து பிள்ளையோட தொப்பியை சரி பண்ணிட்டு ஓடினா. தாவுறது ஒரு கண் சிமிட்டுற நேரம்தான். பாவமெல்லாம் பிசாசோட போயிடும்னு நம்பிக்கை. முடிஞ்சதும் ரோஜா இதழ் தூவுறாங்க.

எனக்கு ஒரு படம்கூட உருப்படியா வரல. எனக்கு முன்னாடி நாப்பது போனு தூக்கிப் பிடிச்சிருக்கு. அப்பதான் தோணுச்சு, 1975ல அந்தம்மா நின்னப்ப கேமரா வச்சிருந்தவங்க எத்தனை பேரு இருந்திருப்பாங்க? 36 ஷாட் ஃபிலிம், கண்ணு மூடித் திறக்கற நேரம் தாவல், வந்துச்சா இல்லையான்னு ஊருக்குத் திரும்பி டெவலப் பண்ணாத்தான் தெரியும். வரலன்னா அடுத்த வருஷம்.

மெத்தை விஷயம் சொன்னீங்களே, இப்ப எல்லாம் கடை மெத்தைதான், ஆனா மேல விரிக்கிற துணி மட்டும் எம்பிராய்டரி போட்டது, பெட்டிலேர்ந்து எடுத்த மாதிரி மடிப்புத் தழும்போட இருந்துச்சு. அதை நான் போட்டோ எடுக்கல, இப்ப வருத்தமா இருக்கு.

குறுக்குச்சந்து:

நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. என்கூட வேலை பாக்கற மாட்ரிட்காரர், அறுபது தாண்டினவர், இந்தப் புத்தகத்தைக் காட்டினா எரிச்சலாயிடுவாரு. "1975ல எங்க அப்பா ஃபேக்டரி வேலைக்குப் போனாரு, வீட்ல டிவி இருந்துச்சு, சியாட் 600 கார் இருந்துச்சு, வெளிநாட்டுக்காரன் இதைப் பாத்துட்டு நாங்க எல்லாரும் கருப்பு முக்காடு போட்டு சிலுவை தூக்கிட்டு அலைஞ்சோம்னு நினைக்கிறான்"ன்னு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கில்ல? விசித்திரமா இருக்கறதை மட்டும் பொறுக்கி எடுத்தா எந்த நாடும் அப்படித்தான் தெரியும்.

பழையகேமரா:

நியாயம்தான் பாஸ், அந்த எரிச்சல் எனக்கும் புரியுது. ஆனா அவரோட அப்பா ஃபேக்டரிக்கு வந்தாரே, எங்கேர்ந்து வந்தாரு? அம்பதுகள்லேர்ந்து எழுபது வரைக்கும் லட்சக்கணக்குல ஜனங்க கிராமத்தைக் காலி பண்ணிட்டு மாட்ரிட், பார்சிலோனா, ஜெர்மனின்னு போனாங்க. பல ஊர்ல சாமி தூக்க தோள் இல்லாமப் போச்சு. இந்தம்மா அலைஞ்சது அந்த நேரத்துல. அப்புறம் விசித்திரத்தை மட்டும் எடுத்தாங்கன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். கேலரில நான் பாத்ததுல பாதி, சடங்கு நடக்காத நேரம். வேஷம் கட்டினவன் களைச்சுப் போய் உக்காந்திருக்கான், பிள்ளைங்க விளையாடுதுங்க, கிழவி கொட்டாவி விடுது. பக்தி ஒரு பக்கம், பொழுதுபோக்கு ஒரு பக்கம், ரெண்டும் ஒரே ஃபிரேம்ல. ஒருநாள் வந்து போற டூரிஸ்ட்டுக்கு அது கிடைக்காது.

ரயில்பயணி:

லேட்டா வரேன். நான் அவங்க சொந்த ஊர் புவெர்த்தோயானோ போனேன், அங்க 2018லேர்ந்து அவங்க பேர்லயே ஒரு மியூசியம் இருக்கு. மாட்ரிட் அத்தோச்சா ஸ்டேஷன்ல செவியா போற லைன்ல ஏறினா ஒரு மணி நேரம் சொச்சம். இறங்கினதும் அழகான ஊருன்னு எதிர்பாக்காதீங்க, நிலக்கரிச் சுரங்கத்துல வளர்ந்த ஊரு, இப்ப பக்கத்துல பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை புகை விடுது, மலை மேல சுரங்கத் தொழிலாளிக்கு பெரிய சிலை. ஊர் நடுவுல பூங்கா மாதிரி ஒரு நடைபாதை, அதுல ஃபுவெந்தே ஆக்ரியான்னு ஒரு ஊத்து, "புளிச்ச ஊத்து"ன்னு அர்த்தம். ஜனங்க பாட்டில் கொண்டுவந்து புடிச்சுட்டுப் போறாங்க. நானும் குடிச்சேன், துருப்பிடிச்ச ஆணியை வாயில போட்ட மாதிரி இருக்கு, இரும்புச்சத்துத் தண்ணி. ஒரு தாத்தா இன்னொரு வாய் குடின்னு விடல.

அவர்கிட்ட மியூசியம் எங்கன்னு கேட்டா, வழி சொல்றதை விட்டுட்டு ஊர்ப் பண்டிகை பத்தி ஆரம்பிச்சுட்டாரு. 1348 கொள்ளைநோய்ல ஊரே அழிஞ்சு மிச்சம் இருந்த 13 குடும்பம் நேர்ந்துக்கிட்டு 13 மாடு அடிச்சு எல்லாருக்கும் சோறு போட்டாங்களாம், அதை இன்னும் மே மாசம் பெரிய அண்டாவுல உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஊர் முழுக்க ஊத்துறாங்க. எனக்கு டக்குனு தோணினது, இந்த ஊர்ல பிறந்து வளர்ந்த பொண்ணுக்கு திருவிழாங்கறது தேடிப் போய் கண்டுபிடிக்க வேண்டிய அதிசயமா இருந்திருக்காது, சின்ன வயசுலயே அண்டா பக்கத்துல தட்டோட நின்னிருக்கலாம். இது என் யூகம்தான்.

மியூசியத்துல நான் போனப்ப என்னையும் சேத்து மூணே பேரு. சத்தமே இல்ல. ஒரு படத்து முன்னாடி பெஞ்சுல உக்காந்து கொண்டுபோன ஆரஞ்சை உரிக்கலாமான்னு யோசிச்சு, வேணாம்னு விட்டுட்டேன்.

மல்லிகைப்பந்தல்:

நான் தலைகீழா வந்தவ. முதல்ல பாத்தது அவங்க பிற்காலப் படங்கள், அதுவும் அனந்தபூர்! ஆமா நம்ம பக்கத்து ஆந்திரா அனந்தபூர்தான். பார்சிலோனாலேர்ந்து வந்து 1969ல அங்க குடியேறின விசென்தே ஃபெரர் ஆரம்பிச்ச அறக்கட்டளை இருக்கில்ல, அவங்க வேலை செய்யற கிராமங்கள்ல போய் பெண்களை எடுத்திருக்காங்க, "கனவுகளின் நிலம்"ங்கற அர்த்தத்துல தலைப்பு. எல்லாம் கலர். எனக்கு தெலுங்கு தெரியும், அனந்தபூர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அதனால எனக்கு அது அதிசயமா இல்ல, சரி நல்லாருக்குன்னு தாண்டிட்டேன். அப்புறம்தான் எழுபதுகளோட கருப்பு வெள்ளை பாத்தேன், அது எனக்குத் தெரியாத ஊரு, அதனால வாயப் பொளந்துட்டு பாத்தேன். இந்த த்ரெட்ல அந்த மெத்தைப் பாட்டி கதை படிச்சதும் கொஞ்சம் உறுத்துச்சு. அனந்தபூர் படத்துல ஒரு வீட்டு வாசப்படி இருக்கும், எங்க சித்தி வீட்டு வாசல் மாதிரியே. நான் அங்க நின்னு யார்கிட்டயும் எதுவும் சொல்லல, பக்கத்துல ஸ்பானிஷ் ஜோடி ஒண்ணு ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு இருந்துச்சு.

தக்காளிசாதம்:

அக்கா சொல்லியிருக்கணும் நீங்க!

பழையகேமரா:

கேலரில கடைசி நாள் மறுபடி போனேன், கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க, கொலாச்சோ படம் ஏற்கனவே பபிள் ரேப்ல சுத்தி கீழ சுவத்தோரம் சாத்தி வச்சிருந்துச்சு. பாட்டியும் இல்ல. பரவால்ல.

அடுத்த கார்ப்பஸ் கிறிஸ்திக்கு மாட்ரிட்லேர்ந்து கார் எடுக்கறேன், ரெண்டு சீட் காலி. தக்காளிசாதம், புர்கோஸ்ல உங்களைப் பிக்கப் பண்ணிக்கறேன். மத்தவங்க வர்றதா இருந்தா தனியா மெசேஜ் போடுங்க, தயவுசெஞ்சு யாரும் முர்சியாவுக்கு டிக்கெட் போட்டுடாதீங்க.