போலீஸ் விழிப்புணர்வுக் கூட்டத்துல என்ன கேக்கலாம்? வீட்டுப் பையன் விஷயத்தைச் சொல்லலாமா?

பூக்காட்டு_அக்கா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்துல மல்லி விளையுற ஒரு கிராமம். எங்க மகளிர் குழுவுக்கு நான்தான் ஊக்குநர், மொத்தம் 14 பேர்.

அடுத்த வாரம் எங்க ஸ்டேஷன்ல இருந்து ஊருக்கு வந்து கூட்டம் போடுறாங்க. போதை, செல்போன் மோசடி, தர்மம்னு சொல்லி நடக்குற வசூல், இந்த மூணையும் பத்திப் பேசுவாங்களாம். பொம்பளைங்களைத் திரட்டிட்டு வர்ற பொறுப்பு எங்கிட்ட வந்திருக்கு. போன வருஷமும் இப்படி ஒரு கூட்டம் நடந்துச்சு. பகல் 11 மணிக்கு வச்சாங்க. உறுதிமொழி வாசிச்சாங்க, நோட்டீஸ் கொடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, அவ்வளவுதான். அந்த நேரத்துல எங்க ஊர்ல பாதிப் பேர் பூ மார்க்கெட்ல நிப்பாங்க, மிச்சப் பேர் நூறு நாள் வேலையில இருப்பாங்க. வந்து உக்காந்தது பெரிய ஆளுங்க பத்துப் பதினைஞ்சு பேர். இந்தத் தடவை அப்படி வீணாப் போகக் கூடாது.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, தை மாசம் வாட்ஸ்அப்ல ஒரு குழந்தை போட்டோ வந்துச்சு. மூக்குல டியூப்பு, கல்லீரல் மாத்தணும், 18 லட்சம் வேணும்னு எழுதி, கீழ ஒரு கியூஆர். குழுவுல பார்த்துட்டு எல்லாரும் கலங்கிப் போனாங்க. ஆளுக்கு 300 போட்டு 4,200 அனுப்புனோம். பூ கிலோ 200-க்குக் கூடப் போகாத நேரம் அது. சித்திரையில அதே போட்டோ திரும்ப வந்துச்சு. வேற பேரு, வேற ஊரு, வேற கியூஆர். கையில கட்டுன கறுப்புக் கயிறு, அந்த முடிச்சு கூட அதேதான். யார் பெத்த குழந்தையோ, இப்ப எப்படி இருக்கோ. பணம் போனதை விட, அதுக்கப்புறம் நிஜமா ஒரு வீட்டுல ஆபரேஷனுக்கு உதவி கேட்டப்ப எங்க குழுவுல ஒருத்தரும் கை நீட்டலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

ரெண்டாவதை எழுதக் கை வரமாட்டேங்குது. விடியக்காலம் 4 மணிக்கு, தலையில டார்ச்சு கட்டிக்கிட்டுப் பூ எடுக்கப் போனேன். கிணத்து மேட்டு மோட்டார் ரூம்ல, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னாடி, காலி மாத்திரை அட்டை நாலு, சிரிஞ்சு ரெண்டு, பாதித் தண்ணியோட ஒரு பாட்டில் கிடந்துச்சு. அட்டையில இருந்த பேரை மருந்துக்கடைத் தம்பிகிட்டக் கேட்டேன். கடுமையான வலிக்குக் கொடுக்குற மாத்திரைக்கா, டாக்டர் சீட்டு இல்லாமத் தரவே கூடாதுன்னு சொல்லிச்சு. அந்த ரூம் சாவி எங்க வீட்டுல மூணு பேருகிட்டதான் இருக்கு. என் ஓரகத்தி மகன் அதுல ஒருத்தன். வயசு 17, ஐ.டி.ஐ. படிக்கிறான். இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு.

கூட்டத்துல இதைச் சொல்லலாமா? சொன்னா அவன் மேல கேஸ் போட்டுருவாங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு_எஸ்எஸ்ஐ

தங்கச்சி, காவல் துறையில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் பையன் விஷயம், மற்றது பிறகு.

17 வயது என்றால் சட்டத்தின் கணக்கில் அவன் குழந்தை. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம்தான் அவனுக்குப் பொருந்தும். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பெயர், போட்டோ எதுவும் வெளியே போகக் கூடாது. ஸ்டேஷனில் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார், அவரைக் கேட்டுப் பேசுங்கள். அதே சட்டத்தின் 77-வது பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் குழந்தைக்குப் போதை தரும் பொருளைக் கொடுத்தவருக்கு 7 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். பீடி, புகையிலை கொடுத்தாலும் இதே பிரிவுதான். ஆகவே உங்கள் தகவலை, அவனுக்கு மாத்திரை விற்றவனைப் பற்றிய தகவலாக எழுதிக் கொடுங்கள். எந்தக் கடை, எந்தப் பையன் கொண்டுவந்தான், எத்தனை மணிக்கு என்று தெரிந்தவரை எழுதுங்கள். மாத்திரை அட்டையில் பேட்ச் நம்பர் இருக்கும், அதைத் தூக்கி எறிய வேண்டாம். எந்த மொத்தக் கடையிலிருந்து போனது என்று மருந்து ஆய்வாளரால் பிடிக்க முடியும்.

ஆனால் மைக்கில் சொல்லாதீர்கள். காலையில் கூட்டத்தில் சொன்னது பொழுது சாய்வதற்குள் விற்றவன் காதுக்குப் போய்விடும். மதுவிலக்குப் பிரிவின் 10581-க்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2024-ல் தொடங்கிய 1933 என்ற எண்ணும் இருக்கிறது. நேரில் போவதென்றால் புதன்கிழமை எஸ்.பி. அலுவலக மனு நாளில் போங்கள்.

கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லித் தைரியமாகக் கேளுங்கள். உங்கள் குழு கூடும் அன்றைக்கு, ராத்திரி 7 மணிக்கு, குழு உட்காரும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் வர முடியாவிட்டாலும் உங்கள் ஊருக்கான பீட் காவலர் வரட்டும். உண்மையில் ஊருக்குப் பயன்படுவது அவர்தான். அவர் பெயரும் செல் நம்பரும் 14 பேர் போனிலும் ஏறாமல் கூட்டத்தை முடிக்க விடாதீர்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

தெக்கத்தி_ஆள்

சார் சொல்றது சட்டம். நிலவரம் வேற. 2020-ல சாத்தான்குளத்துல ஒரு அப்பனும் மகனும் ஸ்டேஷனுக்குப் போய் என்ன ஆனாங்கன்னு உலகத்துக்கே தெரியும். அக்கா, பையன் பேரை மட்டும் யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க.

ஓய்வு_எஸ்எஸ்ஐ

தம்பி, உங்கள் பயத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1993-ல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது ‘காவல் துறை நண்பர்கள்’ அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்களை ஸ்டேஷனோடு சேர்க்கும் நல்ல யோசனை என்று என் காலத்து ஆட்கள் நம்பினோம். சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 ஜூலையில், அரசே அதைத் தடை செய்தது. நம்பிக்கை போன வேகம் அப்படி. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். குழுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போங்கள். பையன் பெயர் இல்லாமலே அந்தத் தகவலைக் கொடுக்கலாம், அதில் நானும் உங்கள் பக்கம்தான்.

கவுன்ட்டர்_3

அக்கா, நான் வங்கியில வேலை பார்க்குறேன். அந்த 4,200 பற்றி: மூணு மாசம் ஆனதால திரும்ப வரும்னு ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் புகார் பதியுங்க. அந்தக் கியூஆருக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, நாலு பேர் புகார் சேர்ந்தா அது முடங்கும்.

ஆன்லைன் பண மோசடியைச் சொல்றதுக்குன்னு இருக்குற 1930 எண் எதுக்குன்னு நிறையப் பேருக்குப் புரியலை. அது சும்மா புகார் எழுதிக்கிற எண் இல்லைக்கா. நீங்க போன்ல சொல்லும்போதே அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் போகும். அங்க பணம் இன்னும் இருந்தா அப்படியே நிறுத்தி வைப்பாங்க. திருடன் அதை அடுத்த கணக்குக்கு, அதுக்கடுத்ததுக்குன்னு தள்ளிக்கிட்டே இருப்பான், கடைசியில ஏ.டி.எம்.ல எடுத்துருவான். அவன் ஓடுறதுக்குள்ள நாம பிடிக்கணும். அதனால முதல் ஒரு மணி நேரம் தங்கம். என் கவுன்ட்டருக்கு ஒரு பெரியவர் அழுதுகிட்டே வந்தார், பணம் போய் ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. மகனுக்குத் தெரிஞ்சா திட்டுவான்னு சொல்லாம இருந்திருக்கார். அந்த ரெண்டு நாள்ல எல்லாம் முடிஞ்சு போச்சு.

போன் பண்றப்ப பணம் போன நேரம், தொகை, யுபிஐ-யில வர்ற 12 இலக்க எண் கையில இருக்கணும். கூட்டத்துல போலீஸ்காரங்க பேசுறதுக்குப் பதிலா, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போன்ல அந்த 12 இலக்கம் எங்க இருக்குன்னு தேடிப் பார்க்கச் சொல்லுங்க. வீட்டுக்குப் போனா மறந்துரும்.

தர்மம் பற்றியும் ஒண்ணு. 2020-ல பி.எம். கேர்ஸ் நிதி ஆரம்பிச்ச உடனே, அதோட யுபிஐ முகவரியில ‘கேர்ஸ்’ங்கிறதுல கடைசி ‘ஸ்’ மட்டும் இல்லாம ஒரு போலி முகவரி சுத்துச்சு, டெல்லி போலீஸ் கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதனால போட்டோவுல வர்ற கியூஆருக்கு அனுப்பவே வேணாம். குழந்தை எந்த ஆஸ்பத்திரியில இருக்கோ, அந்த ஆஸ்பத்திரி நம்பரை நீங்களே தேடிப் போன் போடுங்க. போஸ்டர்ல இருக்குற நம்பர் வேணாம். பணத்தை ஆஸ்பத்திரி பில்லுக்கே கட்ட முடியுமான்னு கேளுங்க. நிஜமாக் கஷ்டப்படுறவங்க அதுக்குச் சந்தோஷமாச் சம்மதிப்பாங்க.

இன்னொண்ணு, இது உங்க ஐ.டி.ஐ. பையனுக்காக. அவன் பேர்ல வங்கிக் கணக்கு இருந்தா பாஸ்புக்கை வாங்கிப் பாருங்க. மாத்திரைக்குக் காசு வேணும்னு தவிக்கிற பசங்ககிட்ட, ‘உன் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் கொடு, சில ஆயிரம் தர்றேன்’னு கேக்குற ஆளுங்க இருக்காங்க. எங்கயோ ஒருத்தர்கிட்டத் திருடுன பணம் இவன் கணக்கு வழியாப் போகும். போலீஸ் முதல்ல வந்து நிக்கிறது கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டு வாசல்லதான்.

மூணாவது_வீடு

பூக்காட்டு அக்கா, நான் இதை யார்கிட்டயும் எழுதினதில்லை. என் மகனும் அதே மாத்திரைதான். கரைச்சு ஊசியில ஏத்துவான். தெரிஞ்ச அன்னைக்கு அவங்க அப்பா பெல்ட்டை எடுத்தார், நான் ரூம்ல வச்சுப் பூட்டுனேன். அவன் ராத்திரி முழுக்க வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, கை கால் குடைச்சல். கதவைக் கையால அடிக்கலை, தலையால முட்டினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நீங்க அதைச் செய்யாதீங்க. திடுதிப்புன்னு நிறுத்துனா உடம்பு அப்படித்தான் கேக்கும், அதுக்கு மருந்து இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குப் போங்க, அங்க யாரும் கேஸ் போட மாட்டாங்க. 2025-ல ‘கலங்கரை’ன்னு 25 போதை மீட்பு மையங்களை அரசு திறந்துச்சு. பக்கத்துல எது இருக்குன்னு 14446-ல கேளுங்க, அது போதையை விடுறதுக்கு உதவுற எண், போலீஸ் எண் இல்லை.

ஊசியை ரெண்டு பேர் மாத்திப் போட்டிருந்தா எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமி டெஸ்ட்டும் எடுக்கச் சொல்வாங்க. பதறாதீங்க, எடுத்துருங்க. மோட்டார் ரூம்ல கிடக்குற சிரிஞ்சை வெறுங்கையில தொடாதீங்க.

என் மகன் ரெண்டு தடவை விட்டு, ரெண்டு தடவை திரும்ப விழுந்தான். இப்ப 11 மாசம் ஆச்சு. லேத்துப் பட்டறைக்குப் போறான். அவன்கிட்டப் பேசும்போது முதல் வார்த்தை ‘ஏன்டா’ன்னு ஆரம்பிக்காதீங்க. ‘சாப்பிட்டியா’ன்னு ஆரம்பிங்க.

பூக்காட்டு_அக்கா

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. நேத்து ராத்திரி கூட்டம் முடிஞ்சது. நேரத்தை மாத்தச் சொல்லிக் கேட்டேன், மாத்துனாங்க. மாரியம்மன் கோயில் திண்ணையில, குழு உக்காருற இடத்துல வச்சோம். 14 பேரும் வந்தாங்க, பக்கத்துக் குழுவுல இருந்து ஒரு இருபது பேர். ஒரு பெண் எஸ்.ஐ.யும் பீட் காவலரும் வந்தாங்க. எஸ்.ஐ. பேச ஆரம்பிச்சதும், ‘மேடம், முதல்ல போன்ல அந்த 12 இலக்கத்தைக் காட்டிக் கொடுங்க’ன்னு சொன்னேன். அவங்களும் கீழ உக்காந்து ஒவ்வொருத்தர் போனா வாங்கிக் காட்டுனாங்க. எங்க குழுவுல மூத்தவங்க, படிக்கத் தெரியாது, 1930-ஐ எப்படி ஞாபகம் வைக்கிறதுன்னு கேட்டாங்க. பீட் காவலர் அவங்க போன்ல அதைப் பதிஞ்சு, பக்கத்துல சிவப்பா ஒரு படம் வர்ற மாதிரி வச்சுக் கொடுத்தார். அவங்க ராத்திரி முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது, வீடியோ கால்ல யார் காக்கி போட்டு மிரட்டுனாலும் கட் பண்ணுங்கன்னு எஸ்.ஐ. சொன்னப்ப, பின்வரிசையில ஒருத்தி எழுந்து போயிட்டா. அப்புறம் வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா, 22,000 போயிருக்கு. இன்னைக்குக் காலையில அவளைக் கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சாச்சு, ரசீது வாங்கியாச்சு.

4,200-க்கும் புகார் கொடுத்துட்டோம். இனி தர்மப் பணம் எதுவா இருந்தாலும், குழுவுல ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டப்புறம்தான்னு தீர்மான நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

மாத்திரை விஷயத்தைக் கூட்டத்துல வாயே திறக்கலை. அட்டையை ஒரு கவர்ல போட்டு, பேர் எதுவும் எழுதாம, எஸ்.ஐ. கையில தனியாக் கொடுத்தேன். கவரைத் திறந்து பார்த்தாங்க, பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. யார் வீட்டுலன்னு கேக்கலை.

மூணாவது வீட்டு அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ‘சாப்பிட்டியா’ன்னுதான் கேட்டேன். இல்லைன்னான். தோசை ஊத்திக் கொடுத்தேன். மூணு தின்னுட்டுத் தட்டைப் பார்த்துக்கிட்டே, சித்தி, மோட்டார் ரூமைப் பெருக்குனது நீயான்னு கேட்டான். ஆமான்னேன். அப்புறம் அவனே சட்டைக் கையை மேல ஏத்திக் காட்டுனான்.

ஓரகத்திகிட்டயும் சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அன்னைக்குப் பூ எடுக்க எனக்குப் பதிலா எங்க மாமியார் போறாங்க. ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்குப் போடுவாங்கன்னு மட்டும் தெரிஞ்சவங்க சொல்லுங்க, முதல் பஸ்ஸு 5.40-க்குத்தான்.