டாரிஃப் என்றால் வரியா, வாடகையா?

செம்பூர் மருமகள்:
ஊரிலிருந்து மாமனார் மும்பைக்கு வந்திருக்கிறார். காலையில் காபி, பேப்பர், அப்புறம் டிவி. இரண்டு நாளாக ஒரே கேள்வி: "ஏம்மா, அமெரிக்காக்காரன் டாரிஃப் போட்டான்னு கத்துறாங்களே, மாட்டுங்கா லாட்ஜ் போர்டிலயும் டாரிஃப்னுதானே எழுதியிருந்துச்சு. லாட்ஜ்காரனும் வரி போடுறானா?" அது வேற, இது வேற மாமா என்றேன். அப்படின்னா ஏன் ஒரே பேரு என்றார். மாட்டிக்கொண்டேன். டூட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நவசேவா குமாஸ்தா:
22 வருடமாக நவசேவா துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கிறேன். மாமனார் கேட்டது நல்ல கேள்வி. டாரிஃப் என்பது அரபிச் சொல். 'அறிவித்தல்' என்று பொருள். ஐரோப்பாவுக்குப் போனபோது, எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று அறிவிக்கும் பட்டியலுக்குப் பெயரானது. லாட்ஜ் போர்டும் கரண்ட் கட்டணமும் அந்த அர்த்தத்திலேயே நிற்கின்றன. டிவிக்காரர்கள் பட்டியலை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் வரியை அந்தப் பெயரால் சொல்கிறார்கள். இரண்டும் சரிதான்.

எங்கள் ஆபீசில் வரியை யாரும் டாரிஃப் என்று சொல்வதில்லை. "டூட்டி எவ்வளவு வருது?" என்போம். "டாரிஃப் பாரு" என்றால் புத்தகத்தைப் புரட்டு என்று அர்த்தம். 1975-ஆம் வருட கஸ்டம்ஸ் டாரிஃப் சட்டத்தில் முதல் அட்டவணை இறக்குமதிக்கு, இரண்டாவது ஏற்றுமதிக்கு. ஒவ்வொரு சரக்குக்கும் எட்டு இலக்க எண் உண்டு. காபி 0901 என்று தொடங்கும், டீ 0902, மிளகு 0904. புதுப் பையன் ஒருவன் பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கொடுக்கும் படிவத்தில், ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டான். கன்டெய்னர் மூன்று நாள் அப்படியே கிடந்தது. வாடகை கட்டியது நாங்கள், திட்டு வாங்கியது நான்.

கஸ்டம்ஸ் என்பது துறை. கடைசி 'ஸ்' முக்கியம், அதை விட்டால் பழக்கவழக்கம் ஆகிவிடும். ஆனால் மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் இருக்கும் அந்தத் துறைக் கட்டிடத்தின் பெயர் மட்டும் 'நியூ கஸ்டம் ஹவுஸ்'. அங்கே 'ஸ்' எங்கே போனது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

முலுண்ட் வாத்தியார்:
தமிழில் சுங்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முதலாம் குலோத்துங்கனுக்கே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றுதானே பட்டம். ஆனால் இன்றைக்குச் சுங்கச்சாவடி என்றால் ஹைவே டோல்கேட். அதற்கும் முந்திய சொல் உல்கு. 756-ஆம் குறளில் 'உல்கு பொருளும்' என்று வருகிறது. எங்கள் முலுண்ட் பக்கம் லாரிகளை நிறுத்தி வாங்கிய 'ஜகாத்' வேறு கணக்கு. அது ஊருக்குள் வரும் சரக்குக்கு மாநகராட்சி போட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது.

செம்பூர் மருமகள்:
எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, "சரி, நீ தினமும் காலையில டூட்டிக்குப் போறேன்னு கிளம்புறியே, அது என்ன வரி?" என்கிறார்.

முலுண்ட் வாத்தியார்:
சிரிக்காதீர்கள், ரெண்டும் ஒரே சொல்தான். கொடுக்க வேண்டியது, செய்ய வேண்டியது இரண்டுக்கும் அதுவே பெயர். நம்மிடமும் அப்படித்தான். சோழர் கல்வெட்டுகளில் நிலவரிக்குப் பெயர் 'கடமை'.

நவசேவா குமாஸ்தா:
வாத்தியாரே, நாளைக்கு ஆபீசில் இதைச் சொல்லப் போகிறேன்.