கம்பம்மெட்டு ஏலக்காய் ஸ்டோர்: கேட் கேமரா ராத்திரியானால் "பாஸ்வேர்டு தவறு" என்கிறது, பகலில் சரி

மெட்டுக்காரன் (கேள்வி)

வணக்கம். கம்பம்மெட்டு தாண்டி இடுக்கிப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர் (காய் உலர்த்தி வைக்கும் இடம்), வீடு கீழே கம்பத்தில். ஸ்டோரில் 8 சேனல் என்விஆர் (கேமராப் படத்தைப் பதிவுசெய்யும் பெட்டி) ஒன்று, கேமரா நாலு. உள்ளே இருக்கும் மூன்றும் என்விஆர் கம்பெனியுடையவை, அவற்றில் ஒரு குறையும் இல்லை. கேட்டில் இருப்பது வேறு கம்பெனி, 4 மெகாபிக்சல், ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை இணைக்கும் பொது முறை) வழியாகச் சேர்த்தது. தொல்லை எல்லாம் அதில்தான்.

1. பகல் முழுக்கப் படம் வரும். இருட்டியதும் போய்ப் போய் வரும். விடிந்து பார்த்தால் என்விஆரில் "பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று நிற்கும். அதே பாஸ்வேர்டைப் போட்டு லேப்டாப்பில் கேமராவை நேரடியாகத் திறந்தால் திறக்கிறது. என்விஆரில் அழித்து மறுபடி சேர்த்தும் பலனில்லை.

2. கம்பத்திலிருந்து போனில் பார்க்க ரவுட்டரில் 80, 554, 8000 மூன்று போர்ட்டும் திறந்துவிட்டேன். வெளியிலிருந்து எதுவும் எட்டவில்லை.

3. மேகம் இறங்கினால் படம் சுத்தமாக வெள்ளை.

ரவுட்டர் 192.168.1.1, என்விஆர் 192.168.1.50, கேட் கேமரா 192.168.1.108. ஸ்விட்ச் சாதாரண ஸ்விட்ச், பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் வசதி) கிடையாது. ஸ்டோரிலிருந்து கேட்டுக்கு 60 மீட்டர், இழுத்திருப்பது Cat 6 நெட்வொர்க் கேபிள். ஹார்ட் டிஸ்க் 1 டிபி. காய் ஏலத்துக்குப் போய்ப் பணம் வந்து சேரும் வரையாவது, அதாவது ஒரு மாசப் பதிவு கையில் வேண்டும்.

மல்டிமீட்டர்

பாஸ்வேர்டைத் தொடாதீங்க, அது சரியாத்தான் இருக்கு. மூணு விஷயம் சொல்லுங்க.

கேட் கேமராவுக்கு கரண்ட் எப்படிப் போகுது? அடாப்டர் கேட்டிலா, ஸ்டோரிலா?

லேப்டாப்பில் கேமராவைத் திறக்கும்போது அது காட்டும் தேதி என்ன?

கேமராவின் நெட்வொர்க் பக்கத்தில் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபியா மாத்தும் சர்வர்) ரெண்டிலும் என்ன எழுதியிருக்கு?

மெட்டுக்காரன்

அடாப்டர் ஸ்டோரில். 12 வோல்ட் 2 ஆம்பியர். கடையில் ஜோடியாகக் கொடுத்த பிஓஇ கனெக்டர் போட்டு, அதே கேபிளில் அனுப்பியிருக்கு. தேதி 1970 ஜனவரி 1 என்று காட்டுகிறது! கேட்வே 192.168.0.1, டிஎன்எஸ் காலி. என்விஆரில் மணி சரியாக இருக்கிறது. ஆனால் டைம் ஜோன் ஜிஎம்டி+08:00 என்று இருக்கு, அதை நான் மாற்றவில்லை.

மல்டிமீட்டர்

அப்போ ராத்திரி கேமரா ரீஸ்டார்ட் ஆகுது. உங்க முதல் கேள்வியின் ரெண்டு பாதிக்கும் வேர் அதுதான்.

கடையில் பிஓஇன்னு சொல்லிக் கொடுக்கும் அந்த ஜோடி கனெக்டர் உண்மையில் முறையான பிஓஇ கிடையாது. நீல ஜோடியை பிளஸ், பழுப்பு ஜோடியை மைனஸ் ஆக்கி 12 வோல்ட்டை அப்படியே தள்ளிவிடும், அவ்வளவுதான். 10, 15 மீட்டருக்கு ஓடும். 60 மீட்டருக்கு என்ன ஆகுதுன்னு கணக்கு போடுங்க. நல்ல செம்புக் கேபிள்னா போக வர சுமார் 5 ஓம். பகலில் கேமரா 3 வாட் இழுத்தால் அதன் முனையில் பத்தரை வோல்ட் கிடைக்கும், ஓடிரும். இருட்டினதும் ஐஆர் எல்இடி (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரியும், 7 வாட் ஆகும், முனையில் 7 வோல்ட்தான். கேமரா செத்துப் பிழைக்கும். எழுந்து வரும்போது ஐஆர் அணைஞ்சிருக்கும், வோல்ட் ஏறும், படம் வரும். மறுபடி ஐஆர் எரியும், மறுபடி விழும். நீங்க சொன்ன "போய்ப் போய் வரும்" இதுதான்.

கேபிள் சிசிஏவாக இருந்தால், அதாவது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசினது, நிலைமை இன்னும் மோசம். எதிர்ப்பு 8 ஓமுக்குப் போயிடும். 12 வோல்ட்டில் 8 ஓம் வழியா அந்தப் பக்கம் எடுக்க முடிஞ்ச அதிகபட்சமே நாலரை வாட். அடாப்டரை 5 ஆம்பியர் ஆக்கினாலும் அதே நாலரைதான். நிறைய பேர் அடாப்டரைப் பெரிசாக்கி ஏமாறுவது இங்கதான். உங்க கேபிள் எதுன்னு பார்க்க, ஒரு கம்பியின் மேல்பூச்சை பிளேடால் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா சிசிஏ. மடக்கி மடக்கி நிமிர்த்தினால் நாலஞ்சு மடிப்பில் உடையும்.

செலவு பண்ணுறதுக்கு முன்னால் சோதிச்சுப் பாருங்க. கேமரா செட்டிங்கில் ஐஆரை அணைச்சு ஒரு ராத்திரி விடுங்க. ரீஸ்டார்ட் ஆகலைன்னா சந்தேகமே வேண்டாம். பகலிலேயே பார்க்கணும்னா கேமரா முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, கேமரா முனையில் மீட்டர் வைங்க. ஐஆர் எரியும் நொடியில் முள் எங்கே விழுதுன்னு தெரிஞ்சிரும்.

தீர்வு: ஸ்டோர் பக்கம் 48 வோல்ட் பிஓஇ இன்ஜெக்டர் அல்லது பிஓஇ ஸ்விட்ச், பெட்டியில் 802.3ஏஎஃப் (முறையான பிஓஇக்கான தர எண்) என்று அச்சிட்டது. அதே 7 வாட் 48 வோல்ட்டில் போனால் மின்னோட்டம் 0.15 ஆம்பியர்தான், சிசிஏவில்கூட ஒண்ணேகால் வோல்ட்டுக்கு மேல் இறங்காது. கேமரா லேபிளில் பிஓஇ இருக்கான்னு முதலில் பாருங்க. பழைய ஜோடி கனெக்டர் ரெண்டையும் கழட்டிருங்க. ஏஎஃப் ஸ்விட்ச் எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளத்தைத் தேடிப் பார்த்துட்டுத்தான் கரண்ட் விடும், நடுவில் அந்த கனெக்டர் இருந்தா விடாது. 48 வோல்ட் "பாசிவ்" இன்ஜெக்டர் மட்டும் வாங்காதீங்க. அது எதையும் கேட்காம தள்ளும், பிஓஇ இல்லாத கேமரா புகைஞ்சிரும்.

சப்நெட்

மல்டிமீட்டர் சொன்னது சரி. "பாஸ்வேர்டு தவறு" எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஆன்விஃப் லாகின் பாஸ்வேர்டை நேராக அனுப்பாது. பாஸ்வேர்டு, ஒரு தற்செயல் எண், அனுப்பும் நேரம் மூன்றையும் கலந்து ஒரு டைஜஸ்ட் (திருப்பிப் பிரிக்க முடியாத சுருக்கம்) ஆக்கி அனுப்பும். கேமரா அந்த நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் அதிகமென்றால் பழைய செய்தியை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். என்விஆருக்கு மறுப்பு என்றால் ஒரே வாசகம்தான் தெரியும்: பாஸ்வேர்டு தவறு. பிரவுசர் லாகினில் இந்த நேரச் சோதனை கிடையாது, அதனால்தான் லேப்டாப்பில் திறக்கிறது. கேமராவின் மணியை முதலில் கேட்டுக்கொண்டு அதற்கேற்பப் பேசும் என்விஆர்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகமில்லை போல.

உங்கள் கேமராவில் கடிகாரத்துக்குப் பேட்டரி இல்லை. கரண்ட் போனால் 1970க்குப் போய்விடும். இணையத்திலிருந்து நேரம் வாங்கலாமென்றால் கேட்வே தப்பு, அதற்கு வெளியே போகும் வழி தெரியாது. போதாததற்கு, என்விஆர் திரும்பத் திரும்பத் தட்டுவதைப் பார்த்துக் கேமரா "தவறான லாகின்" என்று கொஞ்ச நேரம் பூட்டியும் வைக்கும். பல மாடல்களில் அரை மணி நேரம். நீங்கள் சரிசெய்த உடனே சோதித்தால் அப்போதும் தோற்கும், குழம்ப வேண்டாம்.

இந்த வரிசையில் செய்யுங்கள்.

கேமராவில் கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 8.8.8.8. ஐபி 108 என்பது டாஹுவா கேமராக்கள் பெட்டியிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் எண். நாளைக்கு இன்னொன்று வாங்கிச் சொருகினால் இரண்டும் மோதும். இப்போதே 192.168.1.61 மாதிரி மாற்றி, ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரப் பக்கத்தில் டைம் ஜோன் ஜிஎம்டி+05:30. என்டிபி (இணைய நேரம்) சர்வர் இன்.பூல்.என்டிபி.ஆர்க், போர்ட் 123, அறுபது நிமிடத்துக்கு ஒரு முறை.

என்விஆரிலும் +05:30. இதை விட்டுவிடாதீர்கள். திரையில் மணி சரியாகத் தெரிந்தாலும், ஜோன் +8 என்றால் உள்ளே யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் இரண்டரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். ஒப்பீடு யுடிசியில்தான் நடக்கும். ஜோனை மாற்றியதும் திரை மணி இரண்டரை மணி நேரம் நகரலாம், அதைத் திருத்துங்கள்.

கேமராவில் ஆன்விஃபுக்குத் தனிப் பயனர் இருக்கிறாரா பாருங்கள். சில கம்பெனிகளில் அட்மின் பாஸ்வேர்டு வேறு, ஆன்விஃப் பாஸ்வேர்டு வேறு. ஹிக்விஷனில் ஆன்விஃபை இயக்கி, அதற்கென்று பயனரைச் சேர்த்தால்தான் வேலை செய்யும்.

கடைசியாக இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து, பூட்டு விலகும் வரை பொறுத்து, பிறகு கேமராவை என்விஆரில் சேர்த்துவிடுங்கள்.

போர்ட் விஷயம். ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் என்ன ஐபி தெரிகிறது? 100.64 முதல் 100.127 வரை எதுவாவது என்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதற்கு மேலே கதவு மூடியே இருக்கும். ஒரு வகையில் நல்லதுதான். 2016இல் மிராய் என்ற நிரல் இப்படி வெளியே திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் கம்பெனி பாஸ்வேர்டு போட்டே லட்சக்கணக்கில் பிடித்தது. மூன்று போர்ட்டையும் மூடிவிடுங்கள். என்விஆரின் கியூஆர் கோடை அதன் ஆப்பில் ஸ்கேன் செய்தால் பி2பி (கம்பெனி சர்வர் உதவியோடு போனை என்விஆருடன் இணைக்கும்) வழியில் வந்துவிடும். கேமரா கம்பெனி சர்வர் வேண்டாமென்றால் ஸ்டோரில் எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கணினியில் டெயில்ஸ்கேல் (விபிஎன் மென்பொருள்) போடுங்கள், சிஜிநாட்டைத் தாண்டும்.

போனில் சப் ஸ்ட்ரீமை (அதே படத்தின் சின்ன வடிவம்) தேர்ந்தெடுங்கள். அதை 640×360, எச்.264, 512 கேபிபிஎஸ் என்று வைத்தால் மலை இணையத்துக்குப் போதும்.

டிஸ்க்: 1 எம்பிபிஎஸ் ஒரு நாள் ஓடினால் 10.8 ஜிபி. நாலு கேமரா, எச்.265இல் தலா 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 86 ஜிபி. உங்கள் 1 டிபியில் பதினோரு நாள்தான் நிற்கும். முப்பது நாளுக்கு 2.6 டிபி, ஆக 4 டிபி சர்வைலன்ஸ் டிஸ்க் வாங்குங்கள்.

குமுளி ஒயர்மேன்

அண்ணே, மேகத்துக்குச் செட்டிங்கில் மருந்து தேடாதீங்க. லென்ஸைச் சுத்தியே ஐஆர் எல்இடி இருக்கு. மேகம் இறங்கினா அந்த வெளிச்சம் ஒரு முழம் முன்னாடி இருக்கிற நீர்த்துளியில் பட்டு நேரா லென்ஸுக்கே திரும்பும். சிலந்தி வலை கட்டினாலும் இதே வெள்ளைதான், ஐஆர் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கேமரா ஐஆரை அணைச்சிட்டு, கேட் தூணில் ரெண்டு மீட்டர் தள்ளி பக்கவாட்டில் ஒரு எல்இடி விளக்கோ தனி ஐஆர் விளக்கோ போடுங்க. அடர்ந்த மேகத்தில் அதுவும் முழுசாத் தெரியாது, ஆனா கேட்டில் நிக்கிற வண்டி தெரியும். கூரை ஓட்டின் விளிம்பு படத்துக்குள் வந்தாலும் வெளிச்சம் திரும்பும், கேமராவை விளிம்புக்கு முன்னால் தள்ளி மாட்டுங்க. கேட்டுக்கு எதிரே லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்தா அந்தப் பகுதிக்கு பிரைவசி மாஸ்க் போட்டு மறைச்சிருங்க.

இன்னொண்ணு, என்விஆர் காய் உலர்த்துற அறைக்குப் பக்கத்தில் இருந்தா மாத்துங்க. ஐம்பது டிகிரியை ஒட்டின சூடும் ஈர ஆவியும் டிஸ்க்கைத் தின்னுரும்.

மல்டிமீட்டர் அண்ணன் சொன்ன 48 வோல்ட் சரி. ஆனா மலையில் 60 மீட்டர் செம்பை வெளியில் இழுத்துக் கட்ட நான் ஒத்துக்க மாட்டேன். ஐப்பசி மதியத்துக்கு மேல் அடிக்கிற இடிக்கு மரத்தில் விழணும்னு அவசியமில்லை, பக்கத்தில் விழுந்தாலே கேபிளில் ஏறி கேமரா, ஸ்விட்ச், என்விஆர் போர்ட் எல்லாத்தையும் வரிசையா எடுத்துட்டுப் போயிரும். ஃபைபர் (கண்ணாடி இழை) போடுங்க.

மல்டிமீட்டர்

60 மீட்டருக்கு ஃபைபரா? கேமராவுக்குக் கரண்ட் எப்படி? ஃபைபரில் கரண்ட் போகாதே. ரெண்டு முனையிலும் எர்த்தோடு சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் ஏற்றத்தைத் தடுப்பது) போட்டால் போதும்.

குமுளி ஒயர்மேன்

கேட்டில் விளக்குக்கு லைன் இருந்தா அங்கிருந்தே எடுத்துக்கலாம். அந்த லைன் வழியா இடி வந்தா கேட்டில் இருக்கிறது போகும், ஸ்டோரில் இருக்கிற என்விஆரும் பதிவும் தப்பிக்கும். புரொடெக்டர் எர்த் நல்லா இருந்தாத்தான் வேலை செய்யும். பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைக்கிறது உங்களுக்கே தெரியும்.

மல்டிமீட்டர்

கேட்டில் லைன் இருந்தா ஃபைபர்தான், ஒத்துக்கிறேன். லைன் இல்லைன்னா 48 வோல்ட், ரெண்டு முனையிலும் புரொடெக்டர், இடி நேரத்தில் ஸ்டோர் பக்க பிளக்கை உருவி வைக்கிறது.

மெட்டுக்காரன்

ஐஆரை அணைத்து விட்டுப் பார்த்தேன், ராத்திரி ஒரு முறைகூட விழவில்லை. கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. கேட்வே, டைம் ஜோன் மாற்றியதும் என்விஆர் உடனே சேரவில்லை, அரை மணி கழித்துச் சேர்ந்தது. வான் ஐபி 100.80 என்று ஆரம்பிக்கிறது. போர்ட்டுகளை மூடிவிட்டேன், கியூஆர் வழியில் கம்பத்தில் படம் வருகிறது. கேட் தூணில் விளக்குக்கு லைன் இருக்கிறது, ஃபைபரே போடுகிறேன். என்னென்ன வாங்கணும்?

குமுளி ஒயர்மேன்

ஒரு கோர் சிங்கிள் மோட் டிராப் கேபிள், ரெண்டு முனையிலும் எஸ்சி கனெக்டர் அடிச்சதா 80 மீட்டர். வளைவுக்கும் மிச்சத்துக்கும் சேர்த்துத்தான். மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியை நெட்வொர்க் கேபிளுக்கு மாத்துற பெட்டி) ஒரு ஜோடி. ஒண்ணு ஏ, ஒண்ணு பி. ஏ 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், பி நேர் மாறா. ரெண்டும் ஏவா வாங்கினா லிங்க் விளக்கு எரியவே எரியாது. கனெக்டர் நிறமும் ஒண்ணா இருக்கட்டும், நீலத்தோட பச்சையைச் சொருகக் கூடாது.

கேட்டில் கன்வெர்ட்டருக்கும் கேமராவுக்கும் தனித்தனி அடாப்டர், தண்ணி புகாத பெட்டிக்குள். கேபிள் ஓட்டையைப் பெட்டியின் அடியில் போடுங்க, மேலேயோ பக்கத்திலேயோ வேண்டாம். உள்ளே நுழையுமுன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டா மழைத் தண்ணி அங்கேயே சொட்டிரும்.

டிராப் கேபிளோட ஒட்டி ஒரு இரும்புக் கம்பி வரும், இழுத்துக் கட்டுறதுக்கு. அதை ஸ்டோர் சுவருக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிருங்க. அதையும் சேர்த்து உள்ளே கொண்டுபோனா, செம்பு கொண்டுவர வேண்டிய இடியை அந்த இரும்பு கொண்டுவந்துரும்.