சலரோகம் இருந்தால் அனியூட்டி கூடுமா, குறையுமா? (பிரிட்டன்)

கேள்வி
66 வயது. பென்சன் நிதியில் 120,000 பவுண் இருக்கிறது. கால்வாசியை (30,000) வரியில்லாமல் எடுத்துவிட்டு, மிச்சம் 90,000க்கு ஆயுள் முழுக்க வரும் அனியூட்டி (காசை மொத்தமாகக் கம்பனியிடம் கொடுத்து, பதிலுக்கு வாங்கும் நிரந்தர வருமானம்) வாங்க யோசனை. 14 வருடமாகச் சலரோகம், இப்போது இன்சுலின். பிரஷருக்குக் குளிசை, 2019இல் இதயக் குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட். மனைவிக்கு 61, வருத்தம் ஒன்றும் இல்லை. ஆயுள் காப்புறுதிக்குப் போனால் வருத்தத்தைச் சொன்னதும் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள். இங்கும் அப்படியா? சொல்லாமல் விடலாமா?

கணக்கன்
விடவே வேண்டாம். இரண்டும் நேர் எதிர். ஆயுள் காப்புறுதியில் நீங்கள் சீக்கிரம் போனால் கம்பனிக்கு நட்டம்; அனியூட்டியில் நீங்கள் நெடுநாள் இருந்தால்தான் அவர்களுக்குச் செலவு. அதனால் இன்சுலின், ஸ்டென்ட் என்று எழுதினால் வருட வருமானம் கூடும். இதற்கு 'என்ஹான்ஸ்ட் அனியூட்டி' என்று பெயர். விளங்குவதற்காக ஒரு கணக்கு: சாதாரணமாக வருடம் 6,300 பவுண் வருகிற இடத்தில் 7,200 கிடைத்தால் மாதம் 75 பவுண் கூடுதல், அதுவும் சாகும்வரை. கணித்ததைவிடப் பத்து வருடம் கூட இருந்தாலும் அதே தொகையைத் தந்தே ஆக வேண்டும். சும்மா பிரஷர், கொலஸ்ட்ரோல் என்றால் ஏற்றம் சின்னது, ஆனாலும் எழுதுங்கள்.

இப்போதைய பென்சன் கம்பனி அனுப்பும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். வேறு எந்தக் கம்பனியிலும் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே வருத்தத்துக்கு ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடும்.

குளிசைப்பெட்டி
படிவத்தை மேலோட்டமாக நிரப்புவதில்தான் பலர் காசை விடுகிறார்கள். "சலரோகம்: ஆம்" என்று மட்டும் போட்டால் பத்தாது. எந்த வகை, எந்த வருடம் கண்டுபிடித்தது, இன்சுலின் எத்தனை யூனிட், கடைசி எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு) எவ்வளவு என்று எழுத வேண்டும். 58 என்பதும் 75 என்பதும் ஒன்றல்ல. பழைய அளவில் அவை 7.5%, 9%. கண், பாதம், சிறுநீரகத்தில் பாதிப்பு இருந்தால் தனித்தனியாகப் போடுங்கள். ஸ்டென்டுக்கு: மாரடைப்பு வந்ததா, எத்தனை குழாயில் அடைப்பு, இப்போதும் நெஞ்சு நோ வருகிறதா. உயரம், நிறை, சிகரெட்டும் கேட்பார்கள்.

மருந்துப் பெயர்களை ஞாபகத்தில் இருந்து எழுத வேண்டாம். மாதாந்த மருந்துச் சீட்டை முன்னால் வைத்து மில்லிகிராமோடு பாருங்கள். பரிசோதனை முடிவுகள் என்எச்எஸ் ஆப்பில் கிடைக்கும், இல்லையென்றால் ஜீபியிடம் (குடும்ப டொக்டரிடம்) கேளுங்கள். கூட்டியும் எழுதக் கூடாது. கம்பனி ஜீபியிடம் அறிக்கை கேட்டு, பொருந்தாவிட்டால் தொகையைக் குறைத்துவிடும்.

கணக்கன்
மனைவி விஷயம் முக்கியம். உங்களுக்குப் பிறகு அவருக்குப் பாதி போக வேண்டும் என்று எடுத்தால், கணக்கில் அவருடைய ஆயுளும் சேரும். அவர் ஐந்து வயது இளையவர், சுகதேகி. ஆகவே ஏற்றத்தில் ஒரு பங்கு கரையும். அதற்காக அவரை விட்டுவிடாதீர்கள், முதலில் போகக்கூடியவர் நீங்கள்தானே. 'தனி ஆளுக்கு', 'மனைவிக்குப் பாதி', '10 வருட உத்தரவாதம்' (இடையில் இறந்தாலும் 10 வருடம் முடியும்வரை காசு வரும்) என்று மூன்று விலையும் கேட்டு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய பென்சன் பொலிசி என்றால் உத்தரவாத விகிதம் (இவ்வளவு வருமானம் தருவோம் என்று அன்றே கொடுத்த வாக்கு) ஏதும் எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சிலவற்றில் அது என்ஹான்ஸ்ட் விலையையே தோற்கடிக்கும். கடும் நோயில் ஒரு வருடத்துக்கு உள்ளேதான் ஆயுள் என்று டொக்டர் எழுதித் தந்தவர்கள் அனியூட்டி பக்கமே போகாமல், முழுத் தொகையையும் ஒன்றாக எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். 75 வயதுக்குள் என்றால் பொதுவாக வரியில்லை.

கேட்டவர்
வாங்கிய பிறகு வருத்தம் முற்றினால் கூட்டித் தருவார்களா?

குளிசைப்பெட்டி
இல்லை. 30 நாளுக்குள் ரத்துச் செய்யலாம், அதற்குப் பிறகு அசையாது. அதனால் அவசரப்படாமல் முதலில் 'பென்சன் வைஸ்' என்ற அரசாங்க வழிகாட்டல் சேவையில் சந்திப்பு ஒன்று போடுங்கள். 50 தாண்டியவர்களுக்கு இலவசம். வருடாந்தக் கண் படமோ சிறுநீர்ப் பரிசோதனையோ இந்த மாதம் வர இருந்தால், அந்த முடிவு கையில் வந்த பிறகே படிவத்தை அனுப்புங்கள்.